நாற்பத்தோராம் படுக்கை

மூன்றாம் வார்டில் மொத்தம் நாற்பது படுக்கைகள். இன்னொன்று போட அங்கே இடமே கிடையாது. நாற்பதாவது கட்டிலின் கால்மாடு கழிவறைக் கதவில் இடிக்கும்; உள்ளே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் பதினெட்டு நாள் நாற்பத்தொன்றாவது படுக்கைக்கு ஒரு தட்டு தயாராகிக்கொண்டிருந்தது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்க நேரம் எங்கே இருக்கிறது? தட்டு வரிசை ஓட ஆரம்பித்தால் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை தலை நிமிர முடியாது. நீளமான எஃகு மேசை, அதன் மேல் வரிசையாக உருளைகள். மேசையின் ஒரு முனையில் கார்டுப் பெட்டி. முதல் ஆள் பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காலித் தட்டில் வைத்துத் தள்ளுவாள். அடுத்தவள் கார்டைப் பார்த்துச் சோறோ ரொட்டியோ வைப்பாள். அப்புறம் பருப்பு, காய், முட்டை, தயிர், பழம் என்று ஒவ்வொரு கையாகத் தாண்டித் தட்டு மறுமுனைக்கு வரும். கார்டில் பெயர் இருக்காது. வார்டு எண், படுக்கை எண், ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அளவு. வெள்ளைக் கார்டு என்றால் எதையும் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் சர்க்கரை. நீலம் என்றால் உப்பு கூடாது. ரோஜா நிறம் என்றால் எல்லாவற்றையும் மசித்துப் போடவேண்டும்.

மறுமுனையில் நிற்பவள் கார்டையும் தட்டையும் ஒத்துப் பார்த்து மூடி போட்டு வண்டியில் அடுக்கவேண்டும். பதினோரு வருடமாக அந்த முனையில் ஒரே ஆள். அதனால் அவளுக்கு மூடி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு முன்னூற்று முப்பது மூடி. ஒவ்வொன்றும் தட்டில் உட்காரும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். காலையில் எழுந்து வருவதற்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறு காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வரிசையில் நிற்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. திரும்பி வந்த தட்டுகள்தான். காலையில் கார்டு எழுதி, நடுப்பகலில் தட்டு மேலே போவதற்குள் சில படுக்கைகள் காலியாகிவிடும். அந்தத் தட்டுகள் தொடாமல் அப்படியே கீழே வரும். கார்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டரை மணிக்கு நின்றபடியே சாப்பிடுவார்கள். படுக்கை ஏன் காலியானது என்று கேட்பதில்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு மாதிரியும் போயிருக்கலாம். கேட்டால் சோறு இறங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தட்டு எடுப்பதிலும் ஒரு முறை இருந்தது. கைக்குழந்தைக்காரிகள் முதலில், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடுத்து, அப்புறம் மற்றவர்கள். யாரும் சொல்லாமலேயே மூடி கடைசியில் போய் நிற்பாள். மிஞ்சியது எதுவோ அது அவளுக்கு. ஒருநாள் உப்புச்சப்பில்லாத நீலம், ஒருநாள் மசித்த ரோஜா, ஒருநாள் வெறும் கஞ்சி. சில நாள் மூன்று தட்டுகள் மிஞ்சும். வீணாகக் கூடாதென்று மூன்றையும் சாப்பிடுவாள். சில நாள் ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர் குடித்துவிட்டு மேசையைத் துடைக்கப் போவாள்.

சோறு வைக்கிற இடத்தில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் மாலையில் செருப்பு மாட்டும்போதுதான் நிறுத்துவாள்.

"ஏய் மூடி, நேத்து உனக்குக் கிட்னி போச்சு. இன்னிக்குப் பல்லு போச்சா?" என்பாள் மசித்த தட்டைப் பார்த்து. "ஒரு வாரத்துல இத்தனை வியாதி உனக்கு மட்டும்தான் வரும்டி."

மூடி சிரிப்பாள். சிரிக்கவேண்டிய இடம் அது என்று தெரியும், அதனால்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் வார்டுத் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்ததுகூட அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த மூடி மட்டும் உருண்டு உருண்டு மேற்பார்வையாளரின் காலணியில் முட்டி நின்றதாக ரேடியோ பிற்பாடு நாலு பேரிடம் நடித்துக் காட்டினாள். மேற்பார்வையாளருக்கு மணிக்கூண்டு என்று பெயர். அவர் முதலில் சுவரில் மணி பார்த்தார், அப்புறம்தான் கீழே பார்த்தார்.

ஊழியர்களைப் பார்க்கிற டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"சர்க்கரை ஆரம்பிச்சிருக்கு. ரத்தமும் கம்மி. எப்ப சாப்பிடறீங்க, என்ன சாப்பிடறீங்க?"

"திரும்பி வர்றதை, சார்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தமாதிரி தலையாட்டினார். "இப்ப மாத்திரை வேண்டாம். சாப்பாட்டைச் சரி பண்ணுங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாக்கறேன். இப்படியே இருந்துச்சுன்னா வரிசையில நிக்க வைக்க முடியாது, மடிப்பறைக்கு எழுதிக் குடுத்துடுவேன். அங்க உக்காந்துக்கிட்டே பாக்கற வேலை. உங்களுக்கும் நல்லது."

மடிப்பறை நிலத்தடியில் இருந்தது. சலவைக்குப் போய் வந்த படுக்கை விரிப்புகளை நாலு பெண்கள் உட்கார்ந்து மடிப்பார்கள். ஜன்னல் கிடையாது. அவர்கள் வருகிற வாசலும் வேறு, போகிற வாசலும் வேறு. அங்கே மாற்றிப் போனவர்களை அதற்கப்புறம் வரிசைக்காரர்கள் பார்த்ததே இல்லை.

மூடிக்கு வருத்தம் வரவில்லை. வரவேண்டும் என்று கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது வலது கை தன்பாட்டுக்கு ஒன்றை எடுத்துக் கவிழ்ப்பதும் அமுக்குவதுமாக அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். கைக்குப் போக இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கார்டு எழுதுகிற உணவு ஆலோசகருக்கு இருபத்தேழு வயதுகூட இருக்காது. ஆனாலும் சமையற்கூடத்தில் அவரைக் கார்டம்மா என்றுதான் சொல்வார்கள். டாக்டர் அனுப்பியதாகச் சொன்னதும் அவர் இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆறு வேளை. எந்த நேரத்துக்கு எது, எத்தனை கிராம் என்று எல்லாம் இருந்தது.

"இதை அப்படியே பண்ணுங்க. பசி எப்ப எடுக்கும் உங்களுக்கு? காலைலயா, சாயங்காலமா?"

மூடி யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "எடுக்கறதில்லம்மா."

"அதெப்படி எடுக்காம இருக்கும்?"

எடுக்காமல் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அதை அவள் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் இவ்வளவுதான் சொல்லியிருப்பாள். வீட்டில் இரண்டு வருடம் படுத்திருந்த அம்மாவைக் கடைசியில் இந்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். மூன்றாம் வார்டு, பதினேழாம் படுக்கை, ரோஜா நிறக் கார்டு. எட்டு நாள் அம்மாவின் தட்டுக்கு மூடியே மூடி போட்டு அனுப்பினாள். எட்டு நாளும் பாதித் தட்டு காலியாகி வந்தது. ஒன்பதாம் நாள் இரண்டரை மணிக்கு மற்றவர்கள் எடுத்ததுபோக மசித்த தட்டு ஒன்று மிஞ்சியிருந்தது. சின்ன வயதிலிருந்தே தங்கை மிச்சம் வைத்ததையும், பிற்பாடு அம்மா மிச்சம் வைத்ததையும் சாப்பிட்டுப் பழகிய கை, தன்னால் அதை எடுத்துக்கொண்டது. பாதிக்கு மேல் சாப்பிட்டபிறகுதான் கார்டு கிழிக்கப்படாமல் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். வார்டு 3, படுக்கை 17. வார்டை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். மீதியையும் சாப்பிட்டாள். வழக்கப்படி கார்டைக் கிழித்துப் போட்டாள். அப்புறம்தான் மேலேயிருந்து தொலைபேசி வந்தது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து வயிறு ஒன்றும் சொல்வதில்லை. போட்டால் வாங்கிக்கொள்ளும். போடாவிட்டால் கேட்காது.

கார்டம்மாவின் தாளை அவள் இரண்டு வாரம் எழுத்துத் தவறாமல் பின்பற்றினாள். கார்டில் இருப்பதைச் செய்வது அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய் என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் மூடிகளை வெந்நீரிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு மணிக்கு ரொட்டி என்றிருந்தது. அப்போது ஐந்தாம் வார்டு ஓடிக்கொண்டிருக்கும். விட்டதையெல்லாம் சேர்த்து வீட்டுக்குப் போய் மாலையில் சாப்பிட்டாள். வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. வரிசையில் நிற்கும்போது கால் பின்னியது.

தங்கை பேருந்து நிலையத்தில் நேரம் அறிவிக்கிற வேலை செய்கிறாள். வீட்டிலும் அறிவிக்கிற குரலில்தான் பேசுவாள்.

"அக்கா, அந்தத் தாளைத் தூக்கிக் குப்பையில போடு. எங்க ஆபீஸ்ல ஒருத்தி மூணு வாரம் பச்சைச் சாறு மட்டும் குடிச்சா. இப்ப அவளைப் பாத்தா அவ பொண்ணை விடச் சின்னவளா இருக்கா."

"அவளுக்குச் சர்க்கரையா?"

"அதெல்லாம் கேக்கல. ஆனா பளபளன்னு இருக்கா."

ஒரு வாரம் சாறு ஓடியது. பாகற்காயும் ஏதேதோ இலைகளுமாக அரைத்து விடியற்காலையில் ஒரு சொம்பு நிறைய வந்து நிற்கும். மூடி மூச்சுவிடாமல் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவி வைப்பாள்.

"ஏன்க்கா, கசக்கலையா? மூஞ்சியைக் கூடச் சுளிக்க மாட்டேங்கற. எனக்கு அரைக்கும்போதே குமட்டுது."

"கசக்குதுன்னுதான் நினைக்கறேன்."

தங்கை மிக்சியை நிறுத்திவிட்டு அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அன்றோடு சாறும் நின்றது.

மூன்று வாரம் போய்விட்டது. மூன்று வாரம் இருந்தது. மூடி மறுபடி கார்டம்மாவிடம் போய் நின்றாள்.

"தாள் சரிப்படலம்மா. எனக்கு ஒரு கார்டு எழுதிக் குடுங்க."

கார்டம்மா சிரித்துவிட்டார். "கார்டு படுக்கைக்குத்தான் எழுத முடியும். ஊழியருக்கு எழுத விதி இல்லையே. ஒண்ணு பண்ணுங்க, என்ன சாப்பிட்டீங்க, அப்புறம் எப்படி உணர்ந்தீங்கன்னு தினம் எழுதிக்கிட்டு வாங்க. அதைப் பாத்து மாத்தித் தர்றேன்."

எப்படி உணர்ந்தாய் என்ற இடத்தில் எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கார்டு எழுதத் தெரியும். நேரங்கெட்ட நேரத்தில் சேர்கிற நோயாளிகளுக்காக மேலேயிருந்து தொலைபேசியில் சொல்லும்போது கார்டு எழுதிப் பெட்டியில் சேர்க்கிற பொறுப்பு கடைசி முனையில் நிற்பவளுடையது. வெற்றுக் கார்டுகள் அவள் இழுப்பறையில்தான் இருந்தன.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அடுப்பறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மஞ்சள் கார்டை எடுத்து எழுதினாள். வார்டு 3. படுக்கை என்ற இடத்தில் பேனா நின்றது. எந்த எண்ணைப் போட்டாலும் அது இன்னொருவருடைய சாப்பாடாகிவிடும். 41 என்று எழுதினாள். மூன்றாம் வார்டுக் கட்டின் கடைசியில் அதைச் செருகி வைத்தாள்.

காதும் காதும் வைத்தமாதிரி வேலை நடந்தது. நாற்பது தட்டுகளுக்குப் பின்னால் நாற்பத்தொன்றாவது தட்டு அத்தனை கைகளையும் தாண்டி அவளிடம் வந்தது. ரேடியோகூட, பக்கத்து வீட்டுக்காரி மாமியாரோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டே கார்டைப் பார்த்து ரொட்டி வைத்துத் தள்ளிவிட்டாள். மூடி அதற்கும் மூடி போட்டாள். வண்டியில் ஏற்றவில்லை.

மூன்றாம் வார்டு வண்டி மேலே போய், அந்தக் கிழட்டு லிஃப்ட் காலியாகக் கீழே வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை வரிசை நிற்கும். எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதை பேசுவார்கள். மூடி தட்டை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குப் போகிற நடையில், கவிழ்த்துப் போட்ட காய்கறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். மணி பன்னிரண்டு பத்து. உட்கார்ந்து, அவளுக்கென்று போட்ட தட்டில் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"எங்கடி போற வர்ற?" என்றாள் ரேடியோ நாலாம் நாள்.

"பாத்ரூம்."

"சர்க்கரை வந்தா அப்படித்தான். எங்க சித்தப்பா குடியே அங்கதான் இருந்தாரு."

எப்படி உணர்ந்தாள் என்று எழுத வராததால், கார்டின் பின்பக்கத்தில் கை என்ன செய்தது என்று எழுதினாள். முதல் நாள்: 'ரொட்டி 2, பருப்பு, காய், பால். மூன்று மணிக்குத் தூக்கம். மூடி நாலு தரம் கோணலாக விழுந்தது.' அடுத்த நாள் ரொட்டியை அடித்துவிட்டு அரை அளவு சோறு என்று எழுதினாள். 'மூன்று மணிக்குத் தூக்கம் இல்லை. மூடி கோணலாக விழுந்தது ஒரு தரம். வயிறு கனம்.' அப்புறம் பால் போய்த் தயிர் வந்தது. 'கனம் இல்லை.' சோற்றை அறவே எடுத்துப் பார்த்தாள். 'நாலு மணிக்குக் கை நடுக்கம்.' மறுபடி அரை அளவு சோறு வந்தது. பருப்பை இரட்டித்தாள். முட்டை சேர்த்தாள். கீரை இருந்த நாட்களில் கீரை. பழம் சாப்பாட்டோடு வேண்டாம், வீட்டுக்குப் போகும்போது நடந்துகொண்டே தின்றால் சரியாக இருந்தது. பத்தாம் நாள் கார்டின் பின்னால், 'கோணல் இல்லை. நடுக்கம் இல்லை. ஐந்து மணிக்குப் படியேறினேன்' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பின் அவள் எதையும் மாற்றவில்லை. இரண்டரை மணிக்குத் திரும்பி வந்த தட்டுகளுக்காகக் கடைசியில் போய் நிற்பதையும் விட்டுவிட்டாள்.

ஆறு வாரம் முடிந்த நாள் வந்தது. வெறும் வயிற்றோடு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே வந்து, பழக்கதோஷத்தில் 41-ஆம் கார்டை எழுதிப் பெட்டியில் செருகிவிட்டுத்தான் மேலே போனாள். பத்து மணிக்குள் வந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் ரத்தம் எடுக்கிற பெண் பத்தரைக்குத்தான் வந்தாள். அவளுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தபின் எடை பார்க்க ஒரு வரிசை, கண் பார்க்க ஒரு வரிசை. கீழே அவள் இடத்தில் ரேடியோ நின்று மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

மூடிக்குக் கார்டு நினைவு வந்தபோது, கண் டாக்டர் அவள் இமையை விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். "அசையாதீங்க" என்றார். சுவரில் மணி பன்னிரண்டே கால்.

கீழே இறங்கி வந்தபோது மணி இரண்டரை. வரிசை ஓய்ந்துவிட்டது. திரும்பி வந்த தட்டுகள் ஐந்தும் மேசையில் இருந்தன. சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"வா வா, உனக்கு விஷயமே தெரியாதே!" ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. "மூணாம் வார்டுல ஒரு பேஷண்டைக் காணோமாம்! தட்டு போயிருக்கு, ஆளைக் காணோம். கார்டு இருக்குன்னா ஆள் இருந்தாகணும்னு அந்த நர்ஸம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. வாட்ச்மேனுங்க கழிவறை கழிவறையாத் தட்டித் தேடறாங்க. உள்ள இருந்த ஒரு தாத்தா, 'நான் இல்லப்பா, நான் முப்பத்தாறு'ன்னு கத்தறாராம்."

"யாருக்குமே அந்த வார்டுல நாப்பதுதான்னு ஞாபகம் வரலையா?" என்று காய் வைப்பவள் கேட்டாள்.

"உனக்கு வந்துச்சா? பதினெட்டு நாளா நீதான காய் போட்ட?"

மூடி மேசையைப் பார்த்தாள். ஓரமாக இருந்த தட்டின் மேல் மஞ்சள் கார்டு. பால், ரொட்டி கட்டங்களில் கோடு. அரை அளவு சோறு. அவள் கையெழுத்து. வார்டு 3, படுக்கை 41. தட்டு தொடாமல் திரும்பி வந்திருந்தது. தொடாமல் தட்டு திரும்பி வந்தால் படுக்கை காலி என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் அந்த அர்த்தம் ஒருநாளும் மாறியதில்லை.

அவள் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. காலையிலிருந்து ரத்தம் கொடுத்ததால் ஏதோ கோளாறு என்று நினைத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பிசைந்தது. ஆறிப்போன பருப்பின் வாசனை மூக்கில் ஏறி, வாயில் எச்சில் ஊறியது. கோளாறு இல்லை. இது என்னவென்று அவளுக்கு ஒருகாலத்தில் தெரியும்.

"கைக்குழந்தைக்காரி முதல்ல எடும்மா," என்று ரேடியோ வழக்கம்போல் ஆரம்பித்தாள். "இந்த முட்டைத் தட்டு நல்லா இருக்கு, யாருக்கு வேணும்?"

"அது என்னுது," என்றாள் மூடி.

அவள் குரல் அவ்வளவு சத்தமாக அங்கே யாரும் கேட்டதில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மணிக்கூண்டும் கார்டம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"இந்தக் கார்டை எழுதினது யாரும்மா?" என்றார் மணிக்கூண்டு. "அரை மணி நேரமா மேல ஊரே ரெண்டு பட்டுக் கிடக்கு. எந்த நோயாளி சார் இது, எங்க சார் போனாருன்னு என் உயிரை வாங்கறாங்க."

"நான்தான், சார்."

"நீ எழுதினேன்னு கையெழுத்துலயே தெரியுது. ஆள் யாரு?"

"நான்தான், சார். நாப்பத்தொண்ணு."

ரேடியோ முட்டைத் தட்டை மூடியின் பக்கம் நகர்த்தினாள்.

மணிக்கூண்டு கத்தினார். நோயாளிகளுடைய சாப்பாடு, விதி, பதினோரு வருட சர்வீஸ், நம்பிக்கை என்று வரிசையாக வந்தது. மூடி தட்டை எடுத்துக்கொண்டாள். குளிர் அறை நடைக்குப் போக நேரமில்லை. பக்கத்தில் கிடந்த பெட்டியைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவமதிக்கவேண்டும் என்று செய்யவில்லை. நிற்க முடியவில்லை, பசித்தது. அவர் திட்டி முடிப்பதற்கு முன்னால் அவள் சோற்றை முடித்திருந்தாள்.

"மத்தக் கார்டெல்லாம் எங்க?" என்று கேட்டார் கார்டம்மா.

இழுப்பறையில், மூடி துடைக்கிற துணிக்கு அடியில் இருந்தன. கார்டம்மா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தார். ரொம்பநேரம் படித்தார்.

"ரொட்டியை ஏன் எடுத்தீங்க?"

"மூணு மணிக்குத் தூக்கம் வந்துச்சும்மா."

"இது என்ன, கோணல் ஒரு தரம்?"

"மூடி நேரா உக்காரலைன்னா எனக்கு ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்."

கார்டம்மா கார்டுகளை அடுக்கிக் கையில் தட்டினார். "நான் எழுதியிருந்தா ரொட்டியும் பாலும்தான் போட்டிருப்பேன்," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா கண்டிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று யாருக்கும் விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை. கார்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூடி அதில் கையெழுத்துப் போட்டாள். வெற்றுக் கார்டு இருந்த இழுப்பறைக்குப் பூட்டு வந்தது. சாவியை மணிக்கூண்டு கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். இனிமேல் நேரங்கெட்டு நோயாளி சேர்ந்தால் அவரைத் தேடித்தான் ஓடவேண்டும்.

அதற்கடுத்த நாள் டாக்டர் கூப்பிட்டார். "இறங்கியிருக்கு. ரொம்ப இல்ல, ஆனா இறங்கியிருக்கு. ரத்தமும் ஒரு புள்ளி ஏறியிருக்கு. எந்தத் தாளைப் பண்ணினீங்க?"

"நானே எழுதினது, சார்."

இந்தத் தடவையும் அவருக்குப் புரியவில்லை. "அதையே பண்ணுங்க," என்றார். "வரிசையிலயே நில்லுங்க. மறுபடியும் மூணு மாசத்துல பாக்கறேன்."

சந்தோஷம் வருகிறதா என்று மூடி படியில் நின்று பார்த்தாள். அப்படியொன்றும் வரவில்லை. கை சும்மா இருந்தது.

மறுநாள் விடியலில் தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். மூடி முட்டையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டப்பாவில் சோறும் பருப்பும்.

"யாருக்குக்கா?"

"எனக்கு."

"எனக்கில்லையா?"

"உனக்குத் தனியா வெச்சிருக்கேன். அது வேற."

தங்கை அறிவிக்கிற குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் வேண்டாம் என்று பல் தேய்க்கப் போனாள்.

அன்று மூன்றாம் வார்டில் நாற்பது தட்டுகள்தான் போயின. லிஃப்ட் மேலே ஏறியதும் மூடி குளிர் அறை நடைக்குப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பின்னாலேயே ரேடியோ வந்து இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாளாகப் பேச்சைக் குறைத்திருந்தவள், அதற்குமேல் தாங்கவில்லை.

"என்னடி, இன்னிக்கு எந்தப் படுக்கை?"

மூடியின் வாயில் சோறு இருந்தது. உப்பு கூடிவிட்டது, அவளே போட்ட உப்பு. மூன்றாவது வாயில்தான் தெரிந்தது. நாளைக்குக் குறைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

லிஃப்ட் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அவள் நிதானமாக மென்றாள்.